யார் அழைத்தார்கள்?
அவசர சிகிச்சை மருத்துவரிடம் கேளுங்கள்: வாசகர் கடிதங்கள்

போன இதழில் உகாண்டாவில் பதினொரு மாதம் வேலை பார்த்ததைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை மீது குவிந்துவிட்டன. வெளிநாட்டுப் பயிற்சிக்கு வழி கேட்டு இளம் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். போகக் கூடாது என்று கோபமாகவும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதம் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு மருத்துவர்: அவசர சிகிச்சை மருத்துவத்தில் எம்.டி. இறுதியாண்டு படிக்கிறேன். 'குளோபல் ஹெல்த்' எனப்படும் உலக சுகாதாரத் துறையில் பயிற்சி பெற ஆசை. அமெரிக்காவில் இதற்கென்றே ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி இருக்கிறதாமே, எனக்குக் கிடைக்குமா? வேறு எங்கே போகலாம்?

அமெரிக்கக் கதவு உங்களுக்கு ஏறக்குறைய மூடியிருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அங்கே பல பல்கலைக்கழக மருத்துவமனைகள் ஓராண்டு, ஈராண்டு ஃபெலோஷிப் நடத்துகின்றன. ஆனால் பெரும்பாலும் அந்த நாட்டிலேயே அவசர சிகிச்சை ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் நிபுணத்துவப் பயிற்சி) முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஃபெலோவாகச் சேர்பவர் வருடத்தில் பாதி நாள் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மூத்த மருத்துவராக ஷிப்டு பார்க்க வேண்டும். அந்த உழைப்பிலிருந்துதான் அவருடைய சம்பளமும், கூடவே படிக்கும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தின் கட்டணமும் வருகின்றன. அந்நாட்டு உரிமம் இல்லாதவருக்கு ஷிப்டு கிடையாது, ஆகவே இடமும் கிடையாது. இந்த ஒரு ஃபெலோஷிப்புக்காக அமெரிக்கத் தேர்வுகளை எழுதி, மறுபடியும் ரெசிடென்சி படித்து வருவது மிக நீண்ட சுற்றுவழி.

பிரிட்டனுக்குப் போக எம்.ஆர்.சி.இ.எம். என்ற அவசர சிகிச்சை மருத்துவத் தேர்வு இருக்கிறது. அதை முழுவதும் முடித்தால் அங்கே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளலாம். அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே கற்றுத் திரும்பும் பயிற்சித் திட்டம் ஒன்றும் அங்கே உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது பிரிட்டனின் அவசர சிகிச்சை. நீங்கள் கேட்பது அது இல்லை.

வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோக்களைப் பற்றியும் கேட்பீர்கள். லிவர்பூல் பள்ளி 1898-இலும் லண்டன் பள்ளி 1899-இலும் தொடங்கியவை. இரண்டிலும் மூன்று மாதப் படிப்பு இருக்கிறது. லண்டன் பள்ளியே கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து, தான்சானியாவின் மோஷியிலும் உகாண்டாவின் கம்பாலாவிலும் அதே படிப்பை நடத்தி வந்திருக்கிறது. பாங்காக்கின் மகிதோல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம். பெரு நாட்டின் லிமாவில் ஒன்பது வாரம். எல்லாமே நல்ல படிப்புகள்தான். ஆனால் கட்டணம், விமானச் செலவு, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால் பல லட்சம் ஆகும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இவற்றின் மருத்துவப் பகுதி மான்செஸ்டரில் படித்தவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு உங்களுக்குத் தேவையில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்கிரப் டைபஸ், ரண ஜன்னி எல்லாம் மதுரை வார்டில் உங்கள் கண் முன்னாலேயே கிடக்கின்றன.

2017 டிசம்பரில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாம்களில் தொண்டை அடைப்பான் பரவியது. அங்கே உதவிக்குப் போன பல நாட்டு மருத்துவர்கள் அதுவரை அந்த நோயைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் படரும் அந்தச் சவ்வையும், கழுத்து இரு பக்கமும் வீங்கி நிற்கும் பிள்ளையையும் நம் ஊர் மூத்த மருத்துவர்கள் பலர் நேரில் பார்த்தவர்கள். நாம் கொண்டுபோவதற்கும் ஏதோ இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் இல்லாதது வேறு. ஆக்ஸிஜன் உருளை இரண்டே இருக்கும்போது ஐந்து பேரில் யாருக்குக் கொடுப்பது, நேற்றுவரை எதுவுமே இல்லாத இடத்தில் ஒரு அவசரப் பிரிவை எப்படி எழுப்புவது, பல்லாயிரம் பேர் தங்கிய முகாமில் தண்ணீரும் கழிப்பறையும் தடுப்பூசியும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதெல்லாம் எம்.டி. பாடத்தில் வருவதில்லை. இதைக் கற்றுத்தருவதற்காகப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1986-இலிருந்து 'ஹெல்ப்' என்ற படிப்பை நடத்துகிறது. ஹார்வர்டில் இரண்டு வாரப் படிப்பு ஒன்று இருக்கிறது. அதன் கடைசி மூன்று நாள் மாணவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், போர்ச் சூழலில் ஓர் உதவிக் குழு எப்படி இயங்க வேண்டும் என்று நடித்துப் பழக்குகிறார்கள்.

பணம் கட்டிப் படிக்க முடியாதவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. முதல் பணி பெரும்பாலும் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ இருக்கும். ஊதியம் குறைவுதான். ஆனால் பயணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹைதி, காங்கோ, சாட், நைஜர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளில் வேலைமொழி பிரெஞ்சு. மதுரையிலிருந்து பாண்டிச்சேரி எவ்வளவு தூரம்? சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடக்கின்றன. எம்.டி. முடித்த கையோடு ஒரு வருடம் பிரெஞ்சு படியுங்கள். இந்தக் கடிதத்துக்கு நான் தரும் பதிலில் உங்களுக்கு மிக அதிகமாகப் பயன்படப்போகும் வரி இதுதான்.

விண்ணப்பம் போடும் முன் ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களை அங்கே யார் அழைத்தார்கள்? அந்த ஊர்க்காரர்களா, அல்லது அந்த ஊருக்கு ஆள் அனுப்பும் வெளிநாட்டுக் கல்லூரியா? 2001-இல் கானாவின் அக்ரா நகரில் கால்பந்து மைதான நெரிசலில் 120 பேருக்கு மேல் இறந்தார்கள். அவசர சிகிச்சையைச் சீர்செய்தே ஆக வேண்டும் என்று கானாவை நினைக்க வைத்த நிகழ்ச்சிகளில் அது முக்கியமானது. பின்னர் குமாசி நகரத்துப் பெரிய மருத்துவமனையில் விபத்து, அவசர சிகிச்சை மையம் எழுந்தது. அங்கே கானா மருத்துவர்களுக்கான ரெசிடென்சியைத் தொடங்க மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் துணை நின்றார்கள். தான்சானியாவின் முகிம்பிலி தேசிய மருத்துவமனையில் 2010 ஜனவரியில்தான் முழு அளவிலான அவசரப் பிரிவு திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்கே ரெசிடென்சியும் தொடங்கியது. வெளியிலிருந்து போனவர்கள் பாடம் எடுத்தார்கள், பிறகு அந்தப் பாடத்தை அந்த நாட்டவரே எடுக்கத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இரவு நேரத்தில் ஒரே ஒரு டாக்டர் இருக்கிறார். மக்கள் வரிப்பணத்தில் படித்த நீங்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய் சேவை செய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இல்லாத எதை அங்கே போய்க் கற்றீர்கள்?

ஐயா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2013, மழைக்காலத்தின் பின்பகுதி. கிழக்கு உகாண்டாவில் ஒரு மருத்துவமனை. மூன்று வயதிருக்கும் ஒரு பையனை அவன் அம்மா நீலப்பூத் துணியில் முதுகோடு கட்டித் தூக்கி வந்தார். காய்ச்சல் கொதித்தது, ஆனால் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. விரல் நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நான்கு விநாடி ஆயிற்று. ரத்த ஓட்டம் குன்றிவிட்டது என்று பொருள். நான் பதினைந்து ஆண்டுகள் காஷுவாலிட்டியில் நின்றவள். இப்படி ஒரு குழந்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. ஊசியைப் போட்டேன், சலைன் பாட்டிலை மாட்டினேன், குழாயிலிருக்கும் சிறு சக்கரத்தை முழுவதும் திறந்துவிட்டேன். எடைக்கு ஏற்ற சலைனை வேகமாக உள்ளே விட வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுத்தந்தார்கள். நானும் எத்தனையோ மாணவர்களுக்கு அப்படியே கற்றுத்தந்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற செவிலியர் கை நீட்டி, கட்டைவிரலால் அந்தச் சக்கரத்தை மூடினார். தாயின் முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை வாதாடவில்லை. பையனின் கீழிமையை மெல்ல இழுத்துக் காட்டினார். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். இரண்டும் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. மலேரியா அவனுடைய ரத்தத்தைக் கரைத்துவிட்டிருந்தது. அவனுக்கு வேண்டியது உப்புநீர் இல்லை, ரத்தம். நான் நகத்தைப் பார்த்தேன், அவர் கண்ணைப் பார்த்தார்.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார், அவர் முன்பு 'ஃபீஸ்ட்' என்ற ஆய்வில் வேலை பார்த்தவர் என்று. உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளிலும் கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு அது. 2011-இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்தரை. அப்படி ஏற்றாமல் நிதானமாகச் சொட்டவிட்ட குழந்தைகளில் 7.3. செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டிலே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. அந்த ஆய்வை நான் படித்திருந்தேன், ஐயா. வெளியான ஆண்டிலேயே படித்தேன். கண் படித்திருந்தது, கை படிக்கவில்லை.

ரத்தம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் நாள் காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அந்தப் பையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மா பிளாஸ்டிக் குவளையில் கேழ்வரகுக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். எங்கள் வீட்டுக் கூழின் மணம் அந்த வார்டில் எழுந்தது.

திரும்பி வந்த பிறகு என் வார்டில் சலைன் போடும் முறையை மாற்றினேன். சாம்பியாவின் லுசாகாவில் கடும் தொற்றால் ரத்த அழுத்தம் வீழ்ந்து வந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. விரைவாகத் திரவமும் ரத்த அழுத்த மருந்தும் ஏற்றும் திட்டப்படி சிகிச்சை பெற்றவர்களில் 48 விழுக்காட்டினர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 விழுக்காட்டினர். பணக்கார நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுதப்பட்ட விதியை, ஒரே மருத்துவர் இருக்கும் இரவுப் பணியில் அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது. நாமக்கல் மருத்துவமனையின் அந்த ஒற்றை டாக்டருக்கும் இது பொருந்தும். லண்டனில் இதை எனக்கு யாரும் காட்டித் தந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டதில் ஒன்றை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். போனவர் திரும்ப வேண்டும். போகும்போது இங்கே அவருடைய இடத்தில் இன்னொருவர் நிற்க ஏற்பாடு இருக்க வேண்டும். எனக்குப் பதிலாக அந்தப் பதினொரு மாதமும் இரண்டு இளையவர்கள் என் இரவுப் பணியைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மருத்துவ மாணவி: ஒரு நிறுவனம் இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் 'மருத்துவ சேவை அனுபவம்' தருவதாகச் சொல்கிறது. கட்டணம் ஒன்றரை லட்சம். பிரசவம் பார்க்கலாம், தையல் போடலாம் என்கிறார்கள். சான்றிதழும் உண்டு. சேரலாமா?

வேண்டாம், தாயி.

இங்கே உன்னைத் தனியாகப் பிரசவம் பார்க்க விடுவார்களா? விட மாட்டார்கள். அப்படியிருக்க, பணம் கட்டியதற்காக இன்னொரு நாட்டுத் தாயிடம் விடுகிறார்கள் என்றால், அந்தத் தாயின் உயிருக்கு அவர்கள் என்ன மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். இரண்டு வாரத்தில் முதல் வாரம் வயிற்றுப்போக்கிலும் வழி தெரியாமலும் போய்விடும். உனக்கு மொழிபெயர்க்கவே ஒரு செவிலியர் வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும். இந்தக் குறைகளையெல்லாம் பேசி, 2010-இலேயே உலக சுகாதாரப் பயிற்சிக்கான அறநெறி விதிகளை வகுத்திருக்கிறார்கள். அனுப்பும் கல்லூரிக்கும் ஏற்கும் மருத்துவமனைக்கும் இடையில் நீண்டகால உறவு இருக்க வேண்டும், ஏற்பவர்களின் செலவும் உழைப்பும் கணக்கில் வர வேண்டும், மாணவர் தம் தகுதிக்கு மீறிய வேலையைச் செய்யக் கூடாது என்பவை அவற்றின் சாரம். அந்த நிறுவனத்திடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பார்.

ஹவுஸ் சர்ஜன் காலம் வரும்போது காஷுவாலிட்டி பணியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள். ஒன்றரை லட்சம் வீட்டிலேயே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வைத்தியர்: அவசர சிகிச்சை நிபுணத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். எம்.டி.க்குப் பிறகு வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும். பிரித்தானியாவோ அவுஸ்திரேலியாவோ கிடைக்கலாம். அங்கே எதைக் கற்பது? எங்கள் வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் அங்கே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லையே என்று யோசனையாக இருக்கிறது.

உங்கள் நாட்டில் அந்த வெளிநாட்டுப் பயிற்சி நிபுணர் தகுதிக்கான கட்டாயப் படி என்பது பெரிய வாய்ப்பு. இந்தியாவில் எங்களுக்கு அது இல்லை. இங்கே அவசர சிகிச்சை தனித் துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009-இல்தான். எந்த ஊர் கிடைத்தாலும், அங்கே உயர்ந்த கருவிகளைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு மூத்த மருத்துவர் தம் கீழ் உள்ளவர்களை எப்படித் திருத்துகிறார், ஒரு மரணத்துக்குப் பிறகு யாரையும் குற்றவாளியாக்காமல் அதை எப்படிப் பேசுகிறார்கள், ஆம்புலன்ஸிலிருந்து வார்டு வரை நோயாளியின் விவரம் எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஊருக்கு அப்படியே கொண்டுவரலாம்.

சம்பந்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்களோடு எனக்குச் சண்டை. மஞ்சள் அலரி விதையை அரைத்துக் குடித்து வந்தவர்களை உலகத்தில் அதிகமாகப் பார்த்தவர்கள் நீங்கள்தான். அந்த விஷத்துக்கு எதிர்ப்புரத மருந்து வேலை செய்கிறது என்று நிறுவிய ஆய்வு இலங்கையில் நடந்து, 2000-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியானது. விஷம் குடித்தவருக்கு மீண்டும் மீண்டும் கரித்தூள் கொடுத்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று 4,632 நோயாளிகளிடம் பார்த்து, கூடவில்லை என்று 2008-இல் சொன்னதும் இலங்கை ஆய்வுதான். கடும் விஷப் பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்து தற்கொலை மரணங்களை உங்கள் நாடு குறைத்த கதையை உலகம் முழுவதும் பாடமாகச் சொல்கிறார்கள். அவசரப் பிரிவில் ஆயிரம் வயிற்றைக் கழுவிக் காப்பாற்ற முடியாதவர்களை ஓர் அரசாணை காப்பாற்றியது. 2016-இல் இந்திய நிதியுதவியோடு மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் ஆம்புலன்ஸ் சேவை பிறகு உங்கள் ஊருக்கும் வந்தது. எங்கள் 108-இன் தம்பி என்று அதைச் சொல்லலாம்.

மெல்பர்னிலோ பர்மிங்ஹாமிலோ உங்களை ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். மாரடைப்பைப் பற்றிப் பேசாதீர்கள். அலரியைப் பற்றிப் பேசுங்கள். அறையில் அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்கலாம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: என் மகள் அவசர சிகிச்சை டாக்டர். ஒரு தொண்டு அமைப்பின் மூலம் தெற்கு சூடானுக்குப் போகிறேன் என்கிறாள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. கல்யாணப் பேச்சும் நடக்கிறது. போக வேண்டாம் என்று சொல்லலாமா?

அம்மா, ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். 2015 அக்டோபர் 3-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் எல்லைகளற்ற மருத்துவர்களின் மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு போட்டது. 42 பேர் இறந்தார்கள். நோயாளிகளும் இருந்தார்கள், மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்துதான் கேட்கிறாள்.

போக வேண்டாம் என்று சொல்லும் முன் அவளிடம் சில கேள்விகளைக் கேளுங்கள். போகும் ஊரில் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று தனியே ஒருவர் இருக்கிறாரா? நிலைமை மோசமானால் எப்படி, எந்த வழியில் வெளியே கொண்டுவருவார்கள்? காப்பீட்டில் மருத்துவ விமானம் உண்டா? நடுவில் திரும்ப வேண்டும் என்று அவள் சொன்னால் கேள்வி கேட்காமல் அனுப்புவார்களா? போகும் முன் எத்தனை நாள் பயிற்சி? பொறுப்பான அமைப்பு இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எழுத்திலேயே பதில் வைத்திருக்கும். இல்லையென்றால் அவளே போக மாட்டாள், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

நான் போனபோது என் அம்மாவுக்கு எழுபது வயது. கம்பாலா நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் என்று தம்பியிடம் கேட்டு, தினசரி காலண்டரின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டார். நான் ராத்திரிச் சாப்பாடு முடித்துத் தட்டைக் கழுவும் நேரத்துக்குச் சரியாக போன் வரும். "சாப்பிட்டியா" என்பதைத் தவிர அதிகம் பேச மாட்டார். அந்த அழைப்புக்காக நான் பகல் முழுவதும் காத்திருந்தேன். உங்கள் மகளும் காத்திருப்பாள்.

கல்யாணத்தைப் பற்றி: மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். அவளுடைய வேலை இதுதான். அதை இப்போது ஏற்காதவர்கள் பிறகும் ஏற்க மாட்டார்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு செவிலியர்: இதெல்லாம் டாக்டர்களுக்கு மட்டும்தானா?

உகாண்டாவின் தென்மேற்கில் ருக்குங்கிரி மாவட்டத்து நியாக்கிபாலே மருத்துவமனையில் அவசரப் பிரிவை நடத்தச் செவிலியர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள். காயத்துக்குத் தையல், எலும்பு முறிவு, அல்ட்ராசவுண்ட், கடும் நோயாளியை நிலைப்படுத்துவது வரை எல்லாம் கற்று, அவர்களே அடுத்த தொகுப்பினருக்கு ஆசிரியர்களானார்கள். என் கையிலிருந்து சலைனை நிறுத்தியவரும் செவிலியர்தானே, சிஸ்டர். எல்லைகளற்ற மருத்துவர்களும் செஞ்சிலுவைக் குழுவும் செவிலியர்களை எடுக்கிறார்கள். அவசரப் பிரிவு அனுபவத்தை எழுத்துப்பூர்வமாகச் சான்று வாங்கி வையுங்கள். ஆங்கிலத்தில் கையோடு கேஸ் ஷீட் எழுதப் பழகுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு மருத்துவர்: அப்பாவுக்குப் பக்கவாதம். நான் ஒரே பிள்ளை. வெளிநாடு என்பது எனக்கு நடக்காது. இங்கேயிருந்தே இந்தத் துறைக்குள் வர முடியுமா?

முடியும். நான் சொல்லப்போவது ஆறுதல் இல்லை.

முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து 2018-இல் 'அடிப்படை அவசர சிகிச்சை' என்ற ஐந்து நாள் பயிற்சியை வெளியிட்டன. மூச்சுத் திணறல், ஷாக் எனப்படும் ரத்த ஓட்டக் குறைவு, நினைவு தடுமாற்றம், காயம் என்ற நான்கு வாசல்கள் வழியாக எந்த நோயாளியையும் அணுகக் கற்றுத்தரும் பாடம் அது. அதன் புத்தகத்தை இலவசமாகவே தரவிறக்கலாம். உங்களோடு பணியாற்றும் செவிலியர், மருந்தாளுநர், 108 ஓட்டுநர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு அத்தியாயம் படியுங்கள். 2019-இல் உலக சுகாதாரப் பேரவை அவசர சிகிச்சைக்கென்று ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. அது ஜெனீவாவில் காகிதமாகக் கிடப்பதும் உங்கள் சுகாதார நிலையத்தில் நடப்பதும் உங்களைப் போன்றவர்களைப் பொறுத்தது.

அடுத்தது பாம்புக்கடி. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு உலக சுகாதாரம் எங்கே என்று கேட்கிறீர்களே! பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் மரணங்களைப் பாதியாக்க வேண்டும் என்று 2019-இல் இலக்கு வைத்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. அந்த நோயின் தலைநகரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மருந்து இங்கிருந்தே போகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருபவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாராகும் மருந்து. ஆனால் இந்தியாவில் தயாரான ஒரு முறிமருந்தைக் கானாவின் கிராமப்புறத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோது, பாம்புக்கடி இறப்பு நூற்றுக்கு 1.8-லிருந்து 12.1 ஆக ஏறியது. அந்த ஊர் விரியனின் விஷத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஓர் ஊரின் பாம்பை அந்த ஊரில்தான் எண்ண வேண்டும், அந்த ஊரில்தான் அளக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

ஒரு வேலையை நாளைக்கே தொடங்குங்கள். கடிபட்டவரின் ரத்தத்தில் இரண்டு மில்லியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் சோதனையை நீங்கள் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது. உங்கள் நிலையத்தில் அந்தக் குழாய் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் சோதனை செல்லாது. கண்ணாடியாக இருந்தும் சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தால் அதுவும் செல்லாது. நல்ல ரத்தமும் அதில் உறையாமல் நிற்கும், தேவையில்லாத ஒருவருக்கு முறிமருந்து ஏறிவிடும். நான் போன பல இடங்களில் கழுவிய குழாயைத்தான் பார்த்தேன். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய் நூறு வாங்கி வையுங்கள்.

கூடவே ஒரு நூறு பக்க நோட்டுப் போடுங்கள். கடித்த நேரம், வந்த நேரம், இடையில் எங்கே போனார், என்ன பாம்பு என்றார்கள், குழாய் உறைந்ததா, எத்தனை குப்பி முறிமருந்து, என்ன ஆனார் என்று ஏழு கட்டம் போதும். அடுத்த கார்த்திகைக்குள் எத்தனை பக்கம் நிரம்பியது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று நாம் இருவரும் உட்கார்ந்து பேசலாம்.